பாட்டு வகுப்பு: டிவியா, ஸ்பீக்கரா?

தொடக்கப் பள்ளியில் இசைக்கென்று தனி ஆசிரியர் கிடைப்பது அரிது. வகுப்பாசிரியரே பாட்டும் சொல்லித் தரவேண்டும் என்னும்போது, பதிவு செய்த பாட்டைத்தான் நாட வேண்டியிருக்கிறது. 2018-இல் பாடநூல்களில் கியூஆர் கோடு வந்தது, 2019-இல் கல்வித் தொலைக்காட்சி, 2022-இல் ‘எண்ணும் எழுத்தும்’ என்ற அடிப்படைக் கல்வித் திட்டம். காணொளிக்குப் பஞ்சமே இல்லை. இருந்தும் பாட்டுக்கு நான் டிவியை விட்டு, போனும் ப்ளூடூத் ஸ்பீக்கருமாக மாறிவிட்டேன்.

விலை, மின்தடை, இணைய வேகம் எல்லாவற்றிலும் ஸ்பீக்கர் முன்னால் நிற்பது எல்லோருக்கும் தெரிந்ததே. காணொளி போட்டால் வகுப்பு கப்சிப் என்றாகிவிடும் என்பதும் உண்மைதான். ஆனால் பாட்டு வகுப்பில் அமைதி எதற்கு? திரையில் முயல் ஓடுவதைப் பார்க்கிற குழந்தை பாட மறந்துவிடுகிறது. திரை இல்லாவிட்டால் பிள்ளைகள் ஆசிரியரின் வாயைப் பார்க்கிறார்கள், கூடவே பாடுகிறார்கள்.

என் முடிவுக்கு முக்கியக் காரணம் சுருதி, அதாவது பாட்டின் ஆதார சுரம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது. அந்த உயரத்தைக் ‘கட்டை’ என்ற கணக்கில் சொல்வார்கள். ஆறேழு வயதுக் குழந்தைக்குச் சிரமமில்லாமல் எட்டும் சுரங்கள் கொஞ்சம்தான். ஹார்மோனியத்தில் நடு ஒன்றாம் கட்டையில் தொடங்கினால், மேலே ஒரு ஸ்தாயிக்குள் (ச-வில் தொடங்கி அடுத்த மேல் ச வரை) பெரும்பாலும் அடங்கிவிடும். ஆண் பாடகர் அதற்கும் கீழ் ஸ்தாயியில் ஒன்று, ஒன்றரைக் கட்டையில் பாடியதைப் போட்டால் குழந்தை ஒரு ஸ்தாயி மேலே எடுத்துப் பாடவேண்டும். பலருக்கு அது பிடிபடுவதில்லை. அவர் குரலையே எட்டிப் பிடிக்கப் பார்த்து அடித்தொண்டையில் முனகுகிறார்கள். பெண் குரலில் ஐந்து கட்டை என்றால் மேலே வசதிதான். ஆனால் மெட்டு கீழே, மந்திர ஸ்தாயிக்கு இறங்கும் இடத்தில் சுரம் போய் வெறும் பேச்சாகிவிடுகிறது. “இந்தப் பிள்ளைக்குப் பாட்டு வராது” என்று நாம் முத்திரை குத்துவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். அது குழந்தையின் குறையே இல்லை, பதிவின் கட்டை.

ஒலிக்கோப்பில் இதைச் சரிசெய்யலாம். ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் வேகத்தைத் தொடாமல் சுருதியை மட்டும் அரைக்கட்டை அரைக்கட்டையாக ஏற்றி இறக்கலாம். நான் முதலில் பிள்ளைகளுக்குத் தெரிந்த ஒரு பாட்டைத் துணையில்லாமல் பாடச் சொல்வேன். அவர்கள் தாங்களாக எடுக்கிற சுருதியைச் சுருதிப்பெட்டி செயலியில் பார்த்துக்கொண்டு, பதிவை அதற்கு நகர்த்துவேன். ரொம்ப நகர்த்தினால் குரல் பொம்மைக் குரலாகிவிடும், அப்போது வேறு பதிவு தேடுவதே மேல். காணொளியிலும் இதைச் செய்ய முடியும், ஆனால் ஒலியைப் பிரித்து, மாற்றி, மறுபடி சேர்க்க வேண்டும். யூடியூபில் நேராகப் போட்டால் வேகத்தைத்தான் குறைக்கலாம், சுருதி அப்படியேதான் இருக்கும்.

தாளத்திலும் காணொளிக்கு ஒரு சிக்கல். திரையில் இருப்பவர் வலக்கையால் தொடையில் தட்டும்போது அது பிள்ளைகளுக்கு இடப்பக்கம் தெரிகிறது. ஆதி தாளத்துக்குச் சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல் என்று எண்ணுவதையும் பாதிப் பேர் இடக்கையிலேயே எண்ணுகிறார்கள். படத்தை இடவலமாகத் திருப்பிப் போட்டால் இது தீரும்.

கருவிகளை அறிமுகப்படுத்த மட்டும் டிவிதான் என் தேர்வு. தவிலின் ஒரு முகத்தைக் கழியாலும் மறுமுகத்தை விரல்களில் மாட்டிய கூடுகளாலும் வாசிப்பதை எந்த ஒலிப்பதிவும் காட்டாது. காது சரியாகக் கேட்காத குழந்தை வகுப்பில் இருந்தாலும் காணொளி கூடுதலாக உதவலாம். அந்த அனுபவம் எனக்குப் போதாது, அதனால் அடித்துச் சொல்ல மாட்டேன். நான்காம், ஐந்தாம் வகுப்புக்கும் இதே கணக்கு பொருந்துமா என்பதிலும் எனக்கு உறுதி இல்லை.

ஒலிப்பதிவிலும் ஓர் ஆபத்து உண்டு: கூடவே பாடிப் பழகியவர்கள் அது நின்றால் தாங்களும் நின்றுவிடுவார்கள். அதனால் என் போனில் ஒரே பாட்டுக்கு மூன்று கோப்புகள் வைத்திருக்கிறேன். முதலாவதில் முழுப் பாட்டு. இரண்டாவதில் வரிக்கு வரி இடைவெளி, அதில் பிள்ளைகள் திருப்பிப் பாடவேண்டும். மூன்றாவதில் பாட்டில்லாமல், சுருதிப்பெட்டி போல விடாமல் ஒலிக்கும் வெறும் சுருதி. தமிழ்த்தாய் வாழ்த்தை 2021-இல் மாநிலப் பாடலாக அறிவித்த அரசாணையும், இசைத்தட்டைப் போடுவதைத் தவிர்த்து வாயால் பாட வேண்டும் என்றுதான் சொல்கிறது. எங்கள் காலை வணக்கத்துக்கு இப்போது மூன்றாவது கோப்பு மட்டும் போதுமானதாக இருக்கிறது.