விலை குறைந்த அந்த ஆங்கிலச் செயலியை வாங்கலாமா?

செய்திகளைக் கொண்டு ஆங்கிலம் கற்றுத் தரும் செயலி ஒன்றுக்கு நெடுநாளாகச் சந்தா கட்டி வருகிறேன். அதன் ஆண்டுச் சந்தா இப்போது குறைந்திருப்பதைப் பார்த்துவிட்டு, "தம்பி, எம்.யூ.இ.டி. என்ற பல்கலைக்கழக ஆங்கிலத் தேர்வுக்குப் படிக்கும் என் மகனுக்கு இது உதவுமா?" என்று பக்கத்து வீட்டு அக்கா புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) கேட்டிருந்தார். மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டமொன்றில் கிராணியாக (எழுத்தராக) இருக்கும் எனக்கு, மேலிடத்துக்குப் போகும் கடிதங்களைத் தடுமாறாமல் எழுதும் துணிவைத் தந்தது இந்தச் செயலிதான். ஆனாலும் அக்காவுக்கு உடனே 'வாங்குங்கள்' என்று சொல்ல மனம் வரவில்லை.

இதில் என்னைக் கட்டிப் போட்டது தொழில்நுட்பப் பிரிவு, அதிலும் இணையத் தணிக்கை பற்றிய செய்திகள். துருக்கியில் விக்கிப்பீடியா 2017 ஏப்ரலில் முடக்கப்பட்டு, அரசமைப்பு நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் 2020 ஜனவரியில் மீண்டும் திறந்தது. காஷ்மீரில் 2019 ஆகஸ்டில் துண்டிக்கப்பட்ட இணையம் முதலில் 2ஜி வேகத்தில் மட்டும் திரும்பி, 4ஜி வருவதற்கு 2021 பிப்ரவரி ஆனது. நாடும் காரணமும் வேறாக இருந்தாலும் பிளாக், பேன், ரெஸ்ட்ரிக்ட், ரெஸ்டோர் என்ற சொற்களே ஒவ்வொரு செய்தியிலும் வேறு வேறு வாக்கியங்களில் வந்துகொண்டிருப்பதால், பட்டியல் போட்டு மனப்பாடம் செய்தபோது நிற்காதவை தாமாகவே மனத்தில் நின்றுவிட்டன. பாடங்களை இறக்கி வைத்துக்கொள்ள முடிவதும் செம்பனைக் காட்டுக்குள் அலைவரிசை கிடைக்காத எங்களுக்குப் பெரிய வசதி.

என் எரிச்சல் ஒன்றே ஒன்றுதான். ஒவ்வொரு செய்தியும் எளிது, நடுத்தரம், முழுமை என மூன்று நிலைகளில் வருகிறது. முதல் இரண்டு நிலைகளில், செய்தவர் யார் என்பதையே எடுத்துவிடுகிறார்கள்.

நம் நாட்டுச் செய்தியையே பாருங்கள். 2024 செப்டம்பரில் மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் இணையச் சேவை நிறுவனங்களுக்கு ஓர் உத்தரவிட்டது: கூகள், கிளவுட்ஃபிளேர் போன்றவற்றின் பொது டி.என்.எஸ். சேவைகளுக்கு (தளத்தின் பெயரைக் கொண்டு அதன் இணைய முகவரியைக் கண்டறிந்து தருபவை; உள்ளூர்த் தடையைத் தாண்டவும் உதவுபவை) செல்லும் கோரிக்கைகளை அந்த நிறுவனங்கள் தங்கள் சொந்த வழங்கிகளுக்குத் திருப்பிவிட வேண்டும். எதிர்ப்பு கிளம்பியதும், அதைத் தொடர வேண்டாம் என்று அமைச்சர் ஃபாமி ஃபாட்சில் கேட்டுக்கொண்டார். செயலியின் எளிய நிலையில் இது, 'இணையக் கோரிக்கைகள் திருப்பிவிடப்பட்டன, மக்கள் வருந்தினர், திட்டம் நிறுத்தப்பட்டது' என்ற அளவில் முடிந்துவிடுகிறது. ஆணையம் இல்லை, நிறுவனங்கள் இல்லை, அமைச்சரும் இல்லை. ஆளை எடுத்ததும் அவரைச் சுற்றியிருக்கும் ரெகுலேட்டர், புரொவைடர், கம்ப்ளை, அப்பீல், ரூலிங் ஆகிய சொற்களும் சேர்ந்தே போய்விடுகின்றன. தேர்வில் கட்டுரை எழுதும் பிள்ளைக்கு வேண்டியவை அவைதானே! தணிக்கை பற்றிய செய்தியில் தடுத்தவர் யார், எந்தச் சட்டத்தின் பேரில் தடுத்தார் என்பதைவிட முக்கியமானது வேறு என்ன இருக்கிறது?

செயலியை நடத்துபவர்களிடம் இதை எழுதிக் கேட்டேன். தொடக்க நிலையினருக்குக் குறுகிய வாக்கியங்களே ஏற்றவை என்று பதில் வந்தது. அதில் நியாயம் உண்டு. நீண்ட வாக்கியத்தைக் கண்டு மிரண்டு புத்தகத்தை மூடிவைத்த பிள்ளைகளை நான் அறிவேன். ஆனால் வாக்கியம் குறுகுவதற்கு எழுவாயைப் பலி கொடுக்க வேண்டியதில்லை. அமெரிக்க அரசின் வானொலியான வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா 1959இல் தொடங்கிய எளிய ஆங்கில ஒலிபரப்பு, ஏறத்தாழ 1,500 சொற்களை வைத்துக்கொண்டு, ஒரு வாக்கியத்துக்கு ஒரு கருத்து என்று நிதானமாக வாசித்தது. செய்வினையில் எழுதுவதை அது தன் விதியாகவே வைத்திருந்தது. 'ஆணையம் உத்தரவிட்டது' என்பதைவிடச் சிறிய வாக்கியம் எது?

இப்போதைய சலுகை விலையில் முதல் இரண்டு நிலைகள் மட்டுமே கிடைக்கின்றன. முழுமை நிலைக்கு விலை குறையவில்லை. அதனால் இந்தச் சலுகையில் வாங்க வேண்டாம் என்று அக்காவுக்குப் பதில் எழுதிவிட்டேன். என்னுடைய சந்தாவை மூன்று நிலைகளுக்கும் சேர்த்துப் பழைய விலையிலேயே அடுத்த ஆண்டுக்கும் புதுப்பித்திருக்கிறேன்.