சாலை எட்டாத மலைக்காட்டுக்கு எந்த நாய்? மேய்ப்பினம், லாப்ரடார், பனிப்பிரதேச இனங்கள்: ஓர் ஒப்பீட்டு அலசல்

சாலையிலிருந்து ஒரு நாள் நடைக்கு அப்பால், கைபேசிச் சமிக்ஞை கிடைக்காத மலைக்காட்டில் நான்கைந்து நாள் தங்கி நடப்பவருக்குத் துணைவரும் நாயின் வேலை என்ன என்பதை முடிவுசெய்துகொள்ளாமல் இனங்களை ஒப்பிடத் தொடங்கினால், பேச்சு நாயின் அழகிலும் வீரத்திலும் நின்றுவிடும். தன் தீவனத்தைத் தானே சுமப்பது, மனிதக் காதுக்கு எட்டாத அசைவை முன்கூட்டியே உணர்த்துவது, காட்டு விலங்கோ சுமைக்குதிரையோ எதிர்ப்பட்டால் இருந்த இடத்திலேயே நிற்பது, இரவில் கூடாரத்தின் அருகே சத்தமின்றிக் கிடப்பது ஆகியவையே அந்த வேலை. இவற்றுள் மூன்றாவதுதான் கடினமானது. மற்றவற்றைப் பெரும்பாலான ஆரோக்கியமான நாய்கள் கற்றுக்கொண்டுவிடும்.

எனவே எந்த இனத்தை எடுத்தாலும் இரண்டு கேள்விகளைக் கேட்க வேண்டும் என்பது என் நிலைப்பாடு. மானைக் கண்ட நொடியில் அது உங்களைத் திரும்பிப் பார்க்குமா? அதன் கால் முறிந்துபோனால் உங்களால் அதைத் தூக்கிக்கொண்டு இறங்க முடியுமா? ரோமத்தின் அடர்த்தி, மோப்பத்தின் கூர்மை, குரைப்பின் கம்பீரம் எல்லாம் இவற்றுக்குப் பிறகு பார்க்க வேண்டியவை.

மலைக்காட்டு நாய் என்றதும் பலர் மனத்தில் வருபவை சைபீரியன் ஹஸ்கியும் அலாஸ்கன் மாலமூட்டும்தான். அதற்குக் காரணமும் உண்டு. 1925-ஆம் ஆண்டு குளிர்காலத்தில் அலாஸ்காவின் நோம் நகரில் தொண்டை அடைப்பான் பரவியபோது, 674 மைல், அதாவது ஏறத்தாழ 1,085 கிலோமீட்டர் தொலைவுக்கு, ஆறு நாளுக்குள் கைமாற்றிக் கைமாற்றி மருந்தைக் கொண்டுசேர்த்தவை சறுக்குவண்டி நாய்கள். அந்த அஞ்சலோட்டத்தின் மிக நீண்ட, மிக ஆபத்தான பகுதியை லெனார்ட் செப்பலாவின் நாய்கள் கடந்தன. அவற்றுக்குத் தலைமையேற்று ஓடிய டோகோவுக்கு அப்போது ஏறத்தாழ 12 வயது. இந்தச் சகிப்புத்தன்மைக்கு நிகராக வேறெந்த இனத்தையும் வைக்க முடியாது. ஆனால், இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் கவனிக்கத் தவறும் ஒன்று உண்டு: அந்த நாய்கள் வழிநெடுக வாரில் பூட்டப்பட்டிருந்தன. முன்னோக்கி இழுத்துக்கொண்டே போவதற்காகத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட இனத்திடம், நடுவே நின்று மனிதனைத் திரும்பிப் பார் என்று கேட்பது அதன் இயல்புக்கு எதிரானது. கயிறு அவிழ்ந்த ஹஸ்கி முயலைக் கண்டால் போய்விடும். திரும்பி வரலாம், ஆனால் எப்போது வரும் என்பதை அதுதான் தீர்மானிக்கும். போதாக்குறைக்கு, அதன் இரட்டை அடுக்கு ரோமம் வெயில் ஏறிய மலைச்சரிவில் பெரும் தொல்லையாகிவிடும்.

இருந்தாலும் ஹஸ்கியை முற்றாக ஒதுக்குவது நியாயமில்லை. அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் நாயை அனுமதிக்கும் இடங்களிலும் ஆறடிக்கு, அதாவது 1.8 மீட்டருக்கு மேற்படாத கயிற்றில்தான் அது இருக்க வேண்டும். பெரும்பாலான பூங்காக்களின் நடைபாதைகளில் நாய்க்கு அனுமதியே இல்லை. இத்தகைய விதி உள்ள நிலங்களில் மட்டும் நடப்பவருக்கு, கட்டவிழ்த்தால் ஓடிவிடும் என்ற குறை ஒரு குறையே அன்று. பனிக்காலத்தில், இடுப்பு வாரில் நாயைப் பிணைத்துப் பனிச்சறுக்குக் கட்டைகளில் போகிறவருக்கு ஹஸ்கியைவிடச் சிறந்த துணை இல்லை. மாலமூட் வேறு கணக்கு. 34 முதல் 39 கிலோ எடையுள்ள நாய் என்பதால் இரண்டாவது கேள்வியிலேயே அது தோற்றுவிடுகிறது.

கிரேட் பைரனீஸ் போன்ற மந்தைக் காவல் நாய்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மனிதன் அருகில் இல்லாதபோது தானே முடிவெடுத்து ஆடுகளைக் காப்பதற்காக உருவான இனம், கட்டளைக்குக் காத்திருக்காது. இரவு முழுவதும் குரைப்பதும் அதன் கடமைகளில் ஒன்று. கரடி மிகுந்த பகுதிக்குக் கரேலியன் கரடி நாயைப் பரிந்துரைப்பவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநில வனவிலங்குத் துறை, ஊருக்குள் வரும் கரடிகளை விரட்ட இந்த இனத்தைப் பயன்படுத்துவது உண்மைதான். ஆனால் அங்கே அந்த நாயைக் கையாள்பவர் பயிற்சி பெற்ற அதிகாரி. சாதாரணப் பயணியின் நாய், எந்த இனமாக இருந்தாலும், கரடியைச் சீண்டிவிட்டு அது துரத்தத் துரத்த நேராக உரிமையாளரின் காலடிக்கே ஓடிவரும் வாய்ப்புதான் அதிகம்.

ஆக, உண்மையான போட்டி மேய்ப்பினங்களுக்கும் லாப்ரடாருக்கும் இடையில்தான்.

மேய்ப்பினங்களில் பார்டர் கோலியின் பலம், பல நூறு மீட்டருக்கு அப்பாலிருந்து வரும் விசிலுக்கும் கட்டுப்பட்டு, ஓடும் விலங்கின் முன்னால் நின்றுவிடக்கூடிய இயல்பு அதற்குள் ஊறியிருப்பது. 1893-இல் பிறந்த ஓல்ட் ஹெம்ப் என்ற ஒரே நாயின் வழித்தோன்றல்கள்தாம் இன்றைய பார்டர் கோலிகளில் மிகப் பெரும்பாலானவை. அமைதியாக, பார்வையாலேயே மந்தையை நகர்த்தும் பாணி அதிலிருந்து பரவியது. எடை 14 முதல் 20 கிலோ. முதல் கேள்வியிலும் இரண்டாவதிலும் ஒருசேரத் தேறும் இனம் இதைவிட வேறில்லை. குறை இல்லாமல் இல்லை. அசைவது எதுவாக இருந்தாலும், அது மிதிவண்டியாகவோ ஓடும் குழந்தையாகவோ இருந்தாலும்கூட, அதை ஒழுங்குபடுத்த முனையும். வேலையில்லாத நாளில் தானே வேலை தேடிக்கொள்ளும். உள்ளங்கால் தேய்ந்து புண்ணானாலும் வலியைக் காட்டாமல் நடந்துகொண்டே இருக்கும். கடைசிக் குறைதான் மலையில் ஆபத்தானது. நாய் நொண்டட்டும், பிறகு பார்க்கலாம் என்று காத்திருக்க முடியாது. ஒவ்வொரு இரவும் பாதத்தைக் கையில் எடுத்து, விரலிடுக்குகளை விரித்து, புல்லின் கூர்முனையோ உண்ணியோ ஏறியிருக்கிறதா என்று விளக்கொளியில் பார்த்தாக வேண்டும்.

ஆஸ்திரேலியன் கேட்டில் டாக் இதைவிட முரட்டுத்தனமானது. 1840-களில் நியூ சவுத் வேல்ஸில் தாமஸ் ஹால் என்ற பண்ணையார், மாடோட்டும் நாய்களை ஆஸ்திரேலியக் காட்டுநாயான டிங்கோவுடன் கலந்து உருவாக்கிய வழியில் வந்தது இது. குட்டையான, அழுக்குப் பிடிக்காத ரோமமும் கடினமான பாதமும் கொண்டது. வெப்பத்தைப் பார்டர் கோலியையும் லாப்ரடாரையும்விட நன்றாகத் தாங்கும். ஆனால் மாட்டின் குதிகாலைக் கவ்வி நகர்த்துவதற்கென்றே பிறந்த நாய் சுமைக்குதிரையின் பின்னங்காலருகே போனால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. பிறவிச் செவிடு இந்த இனத்தில் ஒதுக்கித் தள்ளக்கூடிய பிரச்சினை அன்று. ஆகவே கேட்புத்திறன் பரிசோதனைச் சான்று இல்லாத குட்டியை வாங்கக் கூடாது. ஜெர்மன் ஷெப்பர்டைப் பொறுத்தவரை, வேலைக்காக வளர்க்கப்பட்ட வம்சமாகவும் இடுப்பு எக்ஸ்ரே சுத்தமாகவும் இருந்தால் யோசிக்கலாம். கண்காட்சிக்கென வளர்க்கப்பட்ட, பின்புறம் சரிந்த நாய் செங்குத்தான பாதைக்கு ஏற்றதன்று.

கோலி, ஆஸ்திரேலியன் ஷெப்பர்ட் ஆகிய மேய்ப்பினங்களை வைத்திருப்பவர்கள் முதலுதவிப் பையையும் ஒருமுறை பார்க்க வேண்டும். இவற்றில் பல நாய்களிடம் எம்டிஆர்1 என்ற மரபணு மாற்றம் காணப்படுகிறது. பார்டர் கோலியில் அது அரிது. அந்த மாற்றம் உள்ள நாய்க்கு, அளவு கூடிய ஐவர்மெக்டின் என்ற ஒட்டுண்ணி மருந்து மட்டுமன்றி, மனிதர்கள் வயிற்றுப்போக்குக்குச் சாதாரணமாக எடுத்துச் செல்லும் லோபெரமைடு மாத்திரையும் நரம்பு மண்டலத்தைப் பாதிக்கும் நஞ்சாகிவிடும்.

லாப்ரடாரின் பலம் வேறு திசையில் இருக்கிறது. எதிரே வரும் அந்நியரோடும் அவருடைய நாயோடும் அது சண்டைக்கு நிற்பதில்லை. குளிர்ந்த ஓடையைத் தயங்காமல் கடக்கும். சுடப்பட்ட பறவையைச் சிதைக்காமல் வாயில் கவ்விக் கொண்டுவரப் பழகிய இனமாதலால், மனிதனிடம் திரும்பி வருவதே அதன் வேலையின் பாதி. தீனிக்காக எதையும் செய்யும் என்பதால் புதிதாக நாய் பழக்குபவருக்கும் அது எளிதில் வசப்படும். அந்தத் தீனி ஆசைக்கு உடலியல் காரணம் உண்டு: லாப்ரடார்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்றில் போம்சி என்ற மரபணுவின் ஒரு பகுதி இல்லாததால் பசி அடங்குவதில்லை என்று கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2016-இல் கண்டறிந்தனர். இதன் மறுபக்கத்தை மலைக்காட்டில்தான் முழுமையாகப் பார்க்கலாம். அழுகிய பிணம், நஞ்சுக் காளான், முந்தைய பயணிகள் சரியாகப் புதைக்காமல் விட்ட மலம் என எதையும் அது விட்டுவைக்காது. கடும் உழைப்பின்போது சில நிமிடங்களில் பின்னங்கால்கள் தள்ளாடிச் சரிந்துவிடும் ஒரு பரம்பரைக் கோளாறும் இந்த இனத்தில் உண்டு. அதற்கு மரபணுப் பரிசோதனை இருக்கிறது, வாங்குவதற்கு முன் முடிவைக் கேட்டுப் பெறலாம். எடை 25 முதல் 36 கிலோ. ஆகவே தேர்ந்தெடுப்பதானால் சிறிய உருவமுள்ள, வேட்டை வம்சத்துப் பெண் நாயையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

எடையைப் பற்றி நான் இவ்வளவு வற்புறுத்துவது தீவனச் சுமைக்காக அன்று. ஏறி இறங்கும் நாளில் 20 கிலோ நாய்க்கு ஏறத்தாழ 2,000 கலோரியும் 38 கிலோ நாய்க்கு 3,200 கலோரியும் வேண்டியிருக்கும் என்று கொண்டால், ஐந்து நாளுக்குச் செறிவான உலர்தீவனம் முறையே இரண்டரைக் கிலோவும் நான்கு கிலோவும் ஆகும். பெரிய நாய் தன் பங்கைச் சிறியதைவிடச் சுலபமாகவே சுமந்துவிடும். சிக்கல் திரும்பி வரும்போதுதான். அடிபட்ட நாயின் வயிற்றுப்பகுதி பிடரியில் படியுமாறு தோள்களின் குறுக்கே கிடத்தி, முன்கால்களையும் பின்கால்களையும் மார்புக்கு முன்னால் ஒரு கையால் சேர்த்துப் பிடித்து, மறுகையில் கோலூன்றி இறங்குவது 18 கிலோவுக்கு இயலும், அதுவும் முதுகுப்பையை அங்கேயே விட்டுவிட்டால். 38 கிலோவுக்குக் குறைந்தது இருவர் வேண்டும்.

குட்டியா, வளர்ந்த நாயா என்ற கேள்வியில் என் சாய்வு வளர்ந்ததன் பக்கம். மூன்றாவது வாரம் முதல் பதினான்காவது வாரம் வரையிலான சமூகப் பழக்கப் பருவத்தைத் தன் கையால் வடிவமைக்கலாம் என்பது குட்டியின் பெரும் அனுகூலம். குதிரை, ஓடும் நீர், தொப்பி அணிந்த அந்நியர், படபடக்கும் கூடாரத் துணி என அனைத்தையும் அச்சமின்றிப் பார்க்க வைக்கலாம். ஆனால் எலும்பின் வளர்ச்சித் தகடுகள் மூடுவதற்குப் பெரிய இனங்களில் ஒன்றரை ஆண்டோ அதற்கு மேலோ ஆகும்; அதுவரை சுமையும் நீண்ட நடையும் கூடாது. இரண்டு வயது நாயிடம் இடுப்பு எக்ஸ்ரேயை எடுத்துப் பார்க்கலாம், துரத்தும் குணத்தை நேரிலேயே சோதிக்கலாம். ஆட்டுப் பண்ணைகளில், மந்தையை அதட்டி நகர்த்தும் அளவுக்குத் துணிவில்லை என்று கழிக்கப்படும் பாதிப் பயிற்சி பெற்ற பார்டர் கோலி, இந்தத் தேவைக்கு நூற்றுக்கு நூறு பொருந்தும்: விசிலுக்குக் கட்டுப்படும், ஆவேசம் குறைவு.

பயிற்சியில் எல்லோரும் முதலில் வலியுறுத்துவது "வா" என்ற கட்டளையை. நான் அதற்கு இணையாக, சொல்லப்போனால் அதற்கு ஒரு படி மேலாக, தொலைவிலேயே நிற்க வைக்கும் "நில்" கட்டளையை வைப்பேன். நாய்க்கும் உங்களுக்கும் நடுவே கரடியோ குட்டியுடன் காட்டுப்பன்றியோ நிற்கும்போது நாயை உங்களிடம் அழைப்பது அதை ஆபத்துக்குள் அழைப்பதாகிவிடும். பழக்கும் முறை இது: நாய் உங்களை நோக்கி நடந்து வரும்போது கையை உயர்த்தி "நில்" என்று சொல்லி, அதே கணத்தில் ஒரு துண்டு இறைச்சியை அதன் தலைக்கு மேலாக, அதற்குப் பின்னால் போய் விழும்படி எறிய வேண்டும். வெகுமதி எப்போதும் பின்னாலிருந்தே வரும் என்று புரிந்துகொண்ட நாய், சொல் காதில் விழுந்ததும் முன்வைத்த காலை நிறுத்தித் திரும்பும். பிறகு தொலைவைக் கூட்டலாம். 10 முதல் 15 மீட்டர் நீளக் கயிற்றில் மாதக்கணக்கில் ஊறிய பிறகே கயிற்றை அவிழ்க்க வேண்டும். திரும்பி வருவதற்கான கட்டளைக்குக் குரலைவிட விசில் மேல். பதற்றத்தில் குரல் மாறும், விசில் மாறாது.

இங்கே வெகுமதிப் பயிற்சிக்கும் மின்னதிர்வுக் கழுத்துப்பட்டைக்கும் இடையிலான பழைய வாதம் தலைதூக்கும். துரத்தும் நாயைத் தீனியால் நிறுத்த முடியாது என்பது பட்டையை ஆதரிப்பவர்களின் வலுவான வாதம். இதை நேரடியாகச் சோதித்த பிரிட்டனின் லிங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 2014-இலும் 2020-இலும் வெளியிட்ட கட்டுரைகளில், பட்டையால் கூடுதல் பயன் ஏதும் கிடைக்கவில்லை என்றே எழுதினர். வேல்ஸில் 2010 முதல் அதற்குத் தடையும் உண்டு. எனக்கு இதைவிடப் பெரிதாகப்படுவது, அதிர்வு வந்த நொடியில் நாய் எதைப் பார்த்துக்கொண்டிருந்ததோ அதனோடு வலியை முடிச்சுப்போட்டுவிடும் அபாயம். அது எதிரே வந்த குழந்தையாகவும் இருக்கலாம். பட்டைக்குச் செலவிடும் பணத்தை ஜிபிஎஸ் பட்டைக்குச் செலவிடுவதே நல்லது.

சுமையை உடல் எடையில் பத்தில் ஒரு பங்கிலிருந்து தொடங்கி, நன்கு பழகிய நாய்க்கும் கால் பங்கைத் தாண்டாமல் நிறுத்த வேண்டும். இருபுறப் பைகளும் எடையில் சமமாக இருக்க வேண்டும். நாயின் இயல்பான உடல் வெப்பம் 38 முதல் 39.2 டிகிரி செல்சியஸ்; 41-ஐத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. நாக்கு அகன்று தொங்கி, நிழலைக் கண்ட இடத்திலெல்லாம் படுக்கப் பார்க்கும் நாயை அங்கேயே நிறுத்தி, பையைக் கழற்றி, வயிற்றையும் தொடையிடுக்கையும் நனைக்க வேண்டும். இந்த அறிகுறிகளை லாப்ரடார் தாமதமின்றிக் காட்டிவிடும். மேய்ப்பினம் காட்டாது, அதற்கான ஓய்வு நேரத்தைக் கடிகாரம் பார்த்து நீங்கள்தான் விதிக்க வேண்டும்.

ஒன்றுக்கு இரண்டாக நாய்களை அழைத்துப்போகலாமா என்றால், வேண்டாம் என்பேன். தனி நாய் எதையாவது கண்டால் மனிதனைப் பார்க்கும். இரண்டு நாய்கள் ஒன்றையொன்று பார்க்கும், பிறகு சேர்ந்தே ஓடும்.