வெயிலா, பிளீச்சா?

மீனுக்கு வெள்ளைப்புள்ளி வந்தால் தொட்டிக்கு மருந்து ஊற்றுகிறோம், வலையை மறந்துவிடுகிறோம். அந்த நோயைக் கொண்டுவரும் ஒட்டுண்ணி ஈர வலை வழியாகவும் அடுத்த தொட்டிக்குப் போய்விடும்.

பாளையங்கோட்டை மொட்டை மாடியில் சித்திரை வெயிலுக்கு வலையும் தொட்டி டியூபும் ஒரே பகலில் மொறுமொறுவென்று காய்ந்துவிடும். காய்ந்தால் இந்த ஒட்டுண்ணி பிழைக்காது. செலவும் இல்லை. ஆனால் ஃபில்டர் ஸ்பாஞ்ச்? வெளியே காய்ந்திருக்கும், பிழிந்தால் நடுவில் ஈரம் கசியும். அதை இரண்டு மூன்று நாள் போட வேண்டும்.

ஐப்பசி மழையில் இதெல்லாம் நடக்காது. அப்போது பிளீச் திரவம்தான்: 1 பங்குக்கு 19 பங்கு தண்ணீர், 10 முதல் 15 நிமிடம். அப்புறம் நன்றாக அலசி, குளோரினை நீக்கும் மருந்து கலந்த தண்ணீரில் ஊறவிட்டு, வாடை போகும்வரை உலர்த்தணும். மிச்சம் இருந்தால் மீனின் செவுள் வெந்துபோகும். ஸ்பாஞ்ச் பிளீச்சைக் குடித்துக்கொள்ளும்; நான் புதிதே வாங்கிவிடுவேன்.