குறைமாசப் பாப்பாவுக்கு வாடகைக்கு எடுத்த ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் – நாலு மாச அனுபவம்

எங்க பொண்ணு 27 வாரத்துல பொறந்தா, 910 கிராம். வென்டிலேட்டர், அப்புறம் சிபாப் (மூக்கு வழியா லேசான அழுத்தத்தோட காத்து குடுக்குற மெஷின்)னு, பச்சக் குழந்தைங்க தீவிர சிகிச்சைப் பிரிவான என்ஐசியுலயே ரெண்டரை மாசம் ஓடிருச்சு, கர்ப்பக் கணக்குல 36 வாரம் முடிஞ்சும் ஆக்சிஜன எடுத்தா சாச்சுரேஷன் (ரத்தத்துல ஆக்சிஜன் அளவு) எறங்குது, இதுதான் பிபிடிங்குற, குறைமாசக் குழந்தைங்களுக்கு வர்ற நாள்பட்ட நுரையீரல் பிரச்சனை, நுரையீரல் வளர வளர சரியாகும், வீட்டுலயே ஆக்சிஜன் வச்சுப் பாத்துக்கலாம்னு டாக்டர் சொன்னாங்க. அதுக்குத்தான் நிமிஷத்துக்கு 5 லிட்டர் வரைக்கும் குடுக்குற இந்த மெஷின்.

மெஷின் அருமைங்க. ரூம் காத்த இழுத்து நைட்ரஜனப் பிரிச்சு 90 சதவீதத்துக்கு மேல ஆக்சிஜன் தருது, சிலிண்டர் மாதிரி தீந்துடுமோன்ற பயமே இல்ல. சத்தம் இருக்கு, அதனால ஹால்ல வச்சு நீள ட்யூப் போட்டோம். வாரம் ஒருதடவ ஃபில்டரக் கழுவணும். ஒரு நாளைக்கு ஏழெட்டு யூனிட் கரண்ட் இழுக்குது. கரண்ட் போனா அவ்ளோதான், சின்ன சிலிண்டர் ஒண்ணு கட்டாயம் வேணும், ஒருநாள் ராத்திரி மூணு மணிக்கு மெஷின் கத்துனப்போ அதுதான் எங்களக் காப்பாத்துச்சு.

கோவமெல்லாம் வாடகைக்கு விட்ட கடை மேலதான். குழந்தைக்குனு பத்து தடவ சொல்லியும் பெரியவங்க கேனுலா (மூக்குல மாட்டுற ட்யூப்) அனுப்பிருக்காங்க, அவ மூக்கு ஓட்டைய விட அந்த முனை பெருசு! நிமிஷத்துக்கு எவ்ளோ ஆக்சிஜன் போகுதுன்னு காட்டுற ஃப்ளோ மீட்டர்ல கோடே அரை லிட்டர்ல இருந்துதான் ஆரம்பிக்குது, இவளுக்கு டாக்டர் எழுதுனது 0.2 லிட்டர். "அரையிலயே வைங்க சார், ஒண்ணும் ஆகாது"ன்னாரு கடையில இருந்து வந்தவரு. ஆக்சிஜனும் மருந்துதானே, நம்ம இஷ்டத்துக்கு ஏத்த முடியுமா? வேற சர்ஜிக்கல் கடையில லோ ஃப்ளோ மீட்டர் தேடிப் பிடிக்க ஒரு நாள் டிஸ்சார்ஜே தள்ளிப்போச்சு. அட்வான்ஸ் குடுக்குறதுக்கு முன்னாடி இந்த ரெண்டையும் கையில வாங்கிப் பாருங்க. ஆக்சிமீட்டரும் விரல்ல மாட்டுற கிளிப் வேணாம், பாதத்துல சுத்துற ப்ரோப் கேளுங்க. ராத்திரியெல்லாம் சாக்ஸுக்குள்ள அந்த செவப்பு லைட்டத்தான் பாத்துட்டே உக்காந்திருப்போம்.

இன்னொண்ணு, குளிப்பாட்டுனதும் சாம்பிராணி போடுற பழக்கம் நம்ம வீடுகள்ல உண்டு. இந்தக் குழந்தைங்களுக்கு எந்தப் புகையும் ஆகாது, ஆக்சிஜன் பக்கத்துல நெருப்பும் கூடவே கூடாது. அத்தைகிட்ட சொன்னதும் சாமி விளக்கையே வாசப்பக்கம் கொண்டு போயிட்டாங்க.

மெஷினுக்கு 5 ஸ்டார், கடைக்கு 2. டாக்டர் சொன்னபடி மொதல்ல முழிச்சிருக்கும்போது மட்டும் ஆக்சிஜன நிறுத்துனோம், தூங்கும்போது நிறுத்துனது கடைசியா, போன வாரம்தான். கன்னத்துல பிளாஸ்டர் ஒட்டுன தடம் இன்னும் லேசா செவந்து இருக்கு.