கோர்ட்டா, பார்லிமெண்டா, அரசாங்கமா: நம்ம உரிமைக்கு யாரு காவல்?

யாரக் கேட்டாலும் பட்டுனு "கோர்ட்டுதான்"னு சொல்லிடுவாங்க. நானும் அப்படித்தான் சொல்லிட்டு இருந்தேன், 1976 ஏப்ரல் 28 தீர்ப்பப் பத்தி படிக்கிற வரைக்கும்.

எமர்ஜென்சி நேரம். மிசாவுல, அதாவது விசாரணையில்லாம உள்ள வைக்கிற சட்டத்துல, பிடிச்சுப் போட்டவங்க ஆட்கொணர்வு மனு (ஆள கோர்ட்டுல நிறுத்துங்க, பிடிச்சது சட்டப்படியான்னு பாருங்கன்னு கேக்குற மனு) போடுறாங்க, 9 ஹைகோர்ட்டு விசாரிக்கலாம்னு சொல்லிருச்சு, விஷயம் சுப்ரீம் கோர்ட்டுக்கு வருது. அங்க நீதிபதி எச்.ஆர். கன்னா, அட்டர்னி ஜெனரல் நிரேன் டேகிட்ட ஒரே ஒரு கேள்வி கேக்குறாரு: ஒரு போலீஸ்காரர் சொந்தப் பகையில ஒருத்தரக் கொன்னுட்டா, அதுக்கும் கோர்ட்டுல வழி கிடையாதா? என் வாதப்படி பாத்தா எமர்ஜென்சி முடியுற வரைக்கும் கிடையாதுன்னுட்டாரு டே. இதக் காதால கேட்டதுக்கப்புறமும் 5 ஜட்ஜுல 4 பேரு அரசாங்கத்து பக்கம் சாஞ்சாங்க. கன்னா மட்டும் தனியா மறுத்து எழுதினாரு, அடுத்த ஜனவரியில தலைமை நீதிபதி பதவி அவருக்கு ஜூனியரான பெக்குக்குப் போச்சு, மனுஷன் ராஜினாமா பண்ணிட்டுக் கிளம்பிட்டாரு.

இந்த ஓட்டைய மொதல்ல அடைச்சது யாருன்னு பாத்தா பார்லிமெண்டு. 1978ல 44வது திருத்தம் கொண்டு வந்து, அரசியல் சட்டத்துல குற்ற வழக்குல பாதுகாப்பு தர்ற 20, உயிருக்கும் சுதந்திரத்துக்கும் பாதுகாப்பு தர்ற 21, இந்த ரெண்டு பிரிவையும் எமர்ஜென்சியிலயும் தொடக்கூடாதுன்னு எழுதி வச்சுட்டாங்க. சுப்ரீம் கோர்ட்டு அந்தத் தீர்ப்ப அதிகாரப்பூர்வமா தூக்கிப் போட 2017 ஆச்சு, அந்தரங்க உரிமை கேஸ்ல. (அதுலயும் பாருங்க, அப்ப அந்த 4 பேருல ஒருத்தர் ஒய்.வி. சந்திரசூட், இப்ப அது தப்புன்னு எழுதினது அவரோட பையன்.)

அப்போ பார்லிமெண்டுக்கே ஓட்டு போட்டுடலாமா? அவசரப்படாதீங்க. அமெரிக்காவுல 1942ல, போர் நேரத்துல, ஜனாதிபதி ரூஸ்வெல்ட் போட்ட ஆர்டர வச்சு சுமார் 1,20,000 ஜப்பானிய வம்சாவளிக்காரங்கள முகாம்ல அடைச்சாங்க, பெரும்பாலானவங்க அந்த நாட்டுக் குடிமக்களே. உயிரோட இருந்தவங்களுக்கு 1988ல மன்னிப்பும் ஆளுக்கு 20,000 டாலரும் குடுக்கச் சட்டம் போட்டது காங்கிரஸ்தான் (அந்த நாட்டுப் பார்லிமெண்டு), சரி. ஆனா 1942ல அந்த ஆர்டர மீறுனா தண்டனைன்னு சட்டம் போட்டதும் அதே காங்கிரஸ்தானே! அந்த நாட்டு சுப்ரீம் கோர்ட்டும் 1944ல 6க்கு 3ன்னு ஓகே சொல்லிருச்சு. ஜனங்க பயந்துட்டா சபையும் பயந்துரும், ஏன்னா அடுத்த எலக்சன் இருக்குல்ல. இந்தியாவுல ஐ.டி. சட்டத்தோட 66ஏ பிரிவு கதையும் கிட்டத்தட்ட இதுதான், ஆன்லைன்ல புண்படுத்துற மாதிரி எழுதினா 3 வருசம் வரைக்கும் ஜெயில்னு 2008ல சட்டத்துல நுழைச்சது பார்லிமெண்டு, 2015ல செல்லாதுன்னு சொன்னது கோர்ட்டு. அதுக்கப்புறமும் ஸ்டேஷன்ல அதே செக்‌ஷன்ல எஃப்ஐஆர் போட்டுட்டே இருந்தாங்க, 2021ல சுப்ரீம் கோர்ட்டே அதிர்ச்சியாயிட்டோம்னு சொல்லுச்சு.

அரசாங்கத்தப் பத்தி நீட்டிப் பேச ஒண்ணுமில்ல, பெரும்பாலும் நம்ம கையப் புடிச்சு முறுக்குறதே அதுதான். ஆனா அமெரிக்காவுல லிட்டில் ராக்ங்கிற ஊருல நடந்தத விட்டுட்டுப் போக முடியல. பள்ளிக்கூடத்துல நிறப்பிரிவினை கூடாதுன்னு 1954லயே தீர்ப்பு வந்தாச்சு, 1957 செப்டம்பர்ல 15 வயசுக் கறுப்பினப் பொண்ணு எலிசபெத் எக்ஃபோர்ட் தனியா ஸ்கூலுக்கு நடந்து வந்தா, கவர்னர் (அங்க மாநில அரசாங்கத்துக்கே தலைவர்) நிறுத்தி வச்ச படை உள்ள விடல, பின்னாடி கூட்டம் கத்திக்கிட்டே வருது. கடைசியில ஜனாதிபதி ஐசன்ஹோவர் ராணுவத்த அனுப்புனதுக்கப்புறம்தான் அவளையும் சேத்து 9 கறுப்பினப் பிள்ளைங்களும் உள்ள உக்காந்து படிக்க முடிஞ்சுது.

இவ்வளவுக்கும் அப்புறமும், மூணுல ஒண்ணுன்னா நான் கோர்ட்டத்தான் சொல்லுவேன், ஆனா டெல்லியில இருக்குற பெரிய பெஞ்ச இல்ல. கைது பண்ணி 24 மணி நேரத்துக்குள்ள நிறுத்துறாங்களே, அந்த மஜிஸ்திரேட்ட. யாருக்கும் புடிக்காத ஒரு ஆளு, ஓட்டு பலமே இல்லாதவன், நேரா நின்னு "அடிச்சாங்க ஐயா"ன்னு சொல்ல முடியுற இடம் அது ஒண்ணுதான். அவரும் நிமிர்ந்து பாக்காம ரிமாண்ட் பேப்பர்ல கையெழுத்துப் போட்டுட்டா, 44வது திருத்தமும் 2017 தீர்ப்பும் அன்னிக்கு ராத்திரி அவனுக்கு எதுக்கு?