ஒரே டாங்கிளில் பத்து ஸ்கேனர் ஓடும் என்றால் நம்பாதீங்க

திருப்பூர்ப் பக்கம் பனியன் கம்பெனி நடத்துகிறவர்கள் இதைப் படித்துவிட்டு ஸ்கேனர் வாங்கப் போங்கள். பேக்கிங் செக்‌ஷனில் பெட்டிக்குப் போகும் பீஸ்களை பார்கோடு அடித்துக் கணக்கெடுக்க, கோயமுத்தூரில் ஒரு கடையில் பத்து புளூடூத் ஸ்கேனரும், கம்ப்யூட்டரில் சொருகும் சின்ன புளூடூத் கருவியான டாங்கிள் ஒன்றும் வாங்கினோம். "ஏனுங்க, பத்தும் ஒரே கம்ப்யூட்டர்ல ஓடுங்களா?" என்று கேட்டுத்தான் பணம் கட்டினேன். கடைக்காரர் ஒவ்வொன்றாகப் பேர் (pair) செய்து, அதாவது கம்ப்யூட்டருக்கு அறிமுகப்படுத்தி, திரையில் பெயர் வரிசையைக் காட்டி, "பாருங்க, பத்தும் ஏறிருச்சுங்க" என்றார்.

வித்தையே அங்கேதான். பேர் செய்வது வேறு, ஒரே நேரத்தில் இணைந்திருப்பது வேறு. கல்யாணப் பத்திரிகை பத்துப் பேருக்கு வைக்கலாம். பந்தியில் இலை ஏழுதான். கிளாசிக் எனப்படும் இந்த வகை புளூடூத்தில் ஒவ்வொரு கருவிக்கும் 3 பிட் முகவரி, அதாவது 0, 1 மட்டும் வரும் மூன்று இலக்கம். அதில் கிடைக்கும் 8 எண்ணில் ஒன்று பொது அறிவிப்புக்குப் போக, மிச்சம் 7. எங்கள் பாட்டு ஸ்பீக்கரும் புளூடூத், ஆக ஸ்கேனருக்கு ஆறு. ஷிப்மென்ட் நெருக்கடியில் நாலு பேர் கையில் ஸ்கேனர் சும்மா மின்னிக்கொண்டிருந்தது.

போன் போட்டால், "இன்னொரு டாங்கிள் சொருகுங்க" என்று அதையும் விற்றார். விண்டோஸ் ஒரு சமயத்தில் ஒரு புளூடூத் டாங்கிளைத்தான் எடுத்துக்கொள்ளும். அது தெரியாமல் விற்றார் என்று நான் நம்பவில்லை.

அப்புறம், ஓடிய ஆறும் அவ்வப்போது திணறின. "பாட்டுப் போடறீங்க, அதனாலதான்" என்றார். இதில் மட்டும் அவர் சொன்னது பாதி சரி. பார்கோடு எண் என்பது தம்மாத்துண்டு தகவல். ஆனால் அதே கம்ப்யூட்டரிலிருந்து ஸ்பீக்கருக்குப் போகும் பாட்டு நொடிக்கு 328 கிலோபிட் வரை கேட்கும். புளூடூத்தின் அடிப்படை வேகத்தில் மொத்தமே 723 கிலோபிட்தான் தேறும். எல்லாம் முறை வைத்துப் பேச வேண்டும், பக்கத்தில் வைஃபை வேறு அதே 2.4 கிகாஹெர்ட்ஸில். பாட்டை நிறுத்தினோம், திணறல் குறைந்தது. நாலு ஸ்கேனர் நின்றது நின்றதுதான்.

திருப்பிக் கொடுக்கப் போனால், "பெட்டி பிரிச்சாச்சுங்க, எடுக்க முடியாது." நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறோம்.

வாங்குகிறவர்கள் கடையிலேயே பத்தையும் பத்துப் பேர் கையில் கொடுத்து ஒன்றாக அடிக்கச் சொல்லுங்கள். தனித்தனி யுஎஸ்பி ரிசீவரோடு வரும் ஸ்கேனர் என்றால் இந்த ஏழு கணக்கு கிடையாது. எதுவானாலும் "ஒரே நேரத்தில் பத்து" என்று பில்லில் எழுதி வாங்குங்கள். எங்கள் பில்லில் 'ஸ்கேனர் 10' என்று மட்டும்தான் இருக்கிறது, கடைக்காரர் இப்போது அதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறார்.