கிழிந்த வேட்டிக்குப் பசையா, ஊசியா?

2023 டிசம்பர் வெள்ளத்துக்கு அடுத்த ஆனியில் திருநெல்வேலி நெல்லையப்பர் தேருக்கு வடம் பிடிக்கப் போயிருந்தேன். ரதவீதி திரும்புகிற இடத்தில் ஒரு தடுப்புக் கம்பி வேட்டியில் மாட்டிக்கொண்டது. பின்னால் கூட்டம் தள்ளுகிறது; நின்று எடுத்துவிட வழியில்லை. ஒரே இழுப்புதான், முழங்காலுக்குக் கீழே ‘ட’ எழுத்து மாதிரி மூலை போட்டுக் கிழிந்துவிட்டது. நீளவாக்கில் இரண்டு விரற்கடை, குறுக்குவாக்கில் ஒரு விரற்கடை இருக்கும். எட்டு முழ வேட்டி, வாங்கி மூன்று மாதம்கூட ஆகவில்லை.

இந்த மாதிரிக் கிழிசலுக்கு நாலு வழி இருக்கிறது. தையல்காரரிடம் கொடுக்கலாம். கடையில் விற்கிற உடனொட்டும் பசையை ஒரு சொட்டு விடலாம். இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தால் ஒட்டிக்கொள்கிற ஒட்டுத்துணியை வைக்கலாம். இல்லையென்றால் ஊசியும் நூலும் எடுத்து உட்கார்ந்து இழையோட்டலாம். நாலையும் செய்து பார்த்துவிட்டேன். நான் ஊசிப் பக்கம் சாய்ந்தவன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தையல்காரர் விஷயத்தை நீட்ட வேண்டியதில்லை. ஜிப் போய்விட்டால், தையல் பிரிந்துவிட்டால், பேண்டுக்கு அடிமடிப்பு விட்டுப்போனால் அவரிடம்தான் போக வேண்டும். 30 ரூபாயோ 50 ரூபாயோ வாங்கிக்கொண்டு நன்றாகவே செய்து தருவார். நடுத்துணியில் விழுந்த கிழிசல் என்றால் அடியில் துண்டுத்துணி வைத்து மிஷினை முன்னும் பின்னுமாக ஓட்டுவார். பிடிப்பு இருக்கும், வெள்ளை வேட்டியில் அந்த இடம் தழும்பு போலத் தடித்தும் தெரியும். தீபாவளி நெருக்கத்தில் இந்தச் சின்ன வேலையை யாரும் வாங்கமாட்டார்கள், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

அடுத்தது பசை. அமெரிக்காவில் 1942-ல் ஹாரி கூவர் என்ற வேதியியலாளர் துப்பாக்கியின் குறிநோக்கிக்குத் தெளிவான பிளாஸ்டிக் தேடும்போது அகப்பட்டது இது. தொட்ட இடமெல்லாம் ஒட்டுகிறது என்று அப்போது ஒதுக்கிவைத்துவிட்டார்கள். 1958-ல்தான் பசையாக விற்பனைக்கு வந்தது. சயனோஅக்ரிலேட் என்று பெயர். ஈரம் பட்டதும் இறுகுவது இதன் குணம். பருத்தித் துணியில் எப்போதும் கொஞ்சம் ஈரம் இருக்கும், இழை இழையாக இருப்பதால் பசை பரவ இடமும் அதிகம். அதனால் பருத்தியில் விட்டதும் படுவேகமாக இறுகும், இறுகும்போது சூடாகும்.

இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. வெள்ளத்துக்கு முந்தின வருஷம் ஒரு நாலு முழ வேட்டியில் மிளகு அளவு ஓட்டை விழுந்தது. இதற்குப் போய் ஊசி எதற்கு என்று இரண்டு சொட்டு விட்டு விரலால் அமுக்கினேன். சுரீர் என்று சுட்டது. கையை எடுத்தால் மெல்லிசாகப் புகை, கண்ணெல்லாம் எரிச்சல். விரல் நுனியில் கொப்புளம் ஆற நாலைந்து நாள் ஆனது. ஓட்டை அடைந்துதான் இருந்தது. ஆனால் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குத் துணி நகம் மாதிரி விறைத்துப்போனது. மூன்றாவது துவைப்பில் அந்த விறைப்பின் ஓரத்திலேயே, வட்டத்தில் கால்வாசிக்குக் கிழிந்தது. யோசித்தால் காரணம் புரிகிறது. துணி மடங்கும்போது பசை இருக்கிற இடம் மடங்காது. மடங்குகிறதும் மடங்காததும் சந்திக்கிற கோட்டில்தான் இழுவை முழுக்க விழும். மிளகு அளவாக இருந்த ஓட்டையைக் காசு அளவாக்கியது நான் வைத்த பசைதான்.

அந்த ஓட்டையைத் தைக்கலாம் என்று ஊசியை எடுத்தேன். இறங்கவில்லை. விரலில் துணி சுற்றி அழுத்தியதில் ஊசி வளைந்ததுதான் மிச்சம். அம்மா தார்சாவில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். வேட்டியை வாங்கித் தடவிப் பார்த்துவிட்டு, “ஏல, இதுல எதுக்குப் பசைய வச்ச? பசைய வச்சா பெறவு ஊசி எறங்காதுல்லா” என்றாள். இந்தக் கட்டுரையில் நான் சொல்லப்போகிற விஷயம் மொத்தமும் அந்த ஒரு பேச்சில் இருக்கிறது.

ஒட்டுத்துணி பசையைவிட எவ்வளவோ மேல். அதன் முதுகில் இருப்பது சூட்டில் உருகி, ஆறினால் இறுகுகிற பசை. பையனின் பள்ளிக்கூடப் பேண்ட் முட்டியில் கிழிந்தபோது உள்பக்கமாக வைத்துத் தேய்த்தோம். அன்றைக்குப் பார்க்க அருமையாக இருந்தது. இரண்டு வாரம் கழித்து ஒரு மூலை எழும்பியது. மறுபடி தேய்த்தால் ஒட்டும்தான். ஆனால் எழும்பின மூலையில் அழுக்கும் சோப்பும் ஏறியிருப்பதால் முதல் தடவை பிடித்த மாதிரி பிடிக்காது. சூட்டைக் கூட்டினால் பசை வெளியே கசிந்து பெட்டியின் அடியில் ஒட்டுகிறது, பாலியஸ்டர் கலந்த துணி சுருங்கிவிடுகிறது. எங்கள் வீட்டில் துவைப்பது புறவாசல் கல்லில். அடித்து, கசக்கி, முறுக்கிப் பிழிகிற துவைப்பு. அந்த முறுக்கலை ஒட்டின ஓரம் தாங்குவதில்லை. மெஷினில் போட்டு எடுக்கிற வீடுகளில் இன்னும் கொஞ்ச நாள் கூடுதலாக நிற்கலாம். எங்களிடம் மெஷின் இல்லாததால் அதற்கு மேல் நான் சொல்ல முடியாது.

இனி ஊசி. தேரில் கிழிந்த அந்த எட்டு முழத்தை அம்மா பக்கத்தில் இருந்து சொல்லச் சொல்ல நானே இழையோட்டினேன். முதலில் நூல். கடை நூலை எடுக்கப் போனேன், வேண்டாம் என்றாள். வேட்டியின் முந்தி ஓரத்தில், நெய்யாமல் விட்ட இழை தொங்குகிற இடத்தில், கடைசியாகக் குறுக்கே ஓடுகிற ஊடை இழையை ஊசி முனையால் கிளப்பி இழுக்கச் சொன்னாள். துணியின் அகலத்துக்கு ஒரே நூலாக வந்தது. அதே வெள்ளை, அதே தடிமன், துணியோடு சேர்ந்து ஏற்கனவே துவைபட்ட நூல். கடை நூல் எவ்வளவு வெள்ளையாக இருந்தாலும் வேட்டியின் வெள்ளை வேறு என்பது பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் தெரிகிறது.

ஊசி மெலிசாக வேண்டும். கை ஊசியில் எண் கூடக்கூட ஊசி மெலியும். 9 அல்லது 10 போதும். நூல் ஒற்றையாகவே ஓட வேண்டும், நுனியில் முடிச்சு கூடாது. கிழிசலுக்கு அடியில் ஒரு தேங்காய்ச் சிரட்டையைக் கவிழ்த்து வைத்தாள். நன்றாகச் சுரண்டி வழவழப்பாக்கின பழைய சிரட்டை, வீட்டில் இதற்கென்றே கிடப்பது. அதன் முதுகில் துணி இழுபடாமலும் தொய்யாமலும் படிந்து நிற்கிறது. டம்ளரைக் கவிழ்த்தும் செய்யலாம், ஆனால் ஊசி நுனி எவர்சில்வரில் வழுக்குகிறது. சிரட்டையில் அந்த வழுக்கல் இல்லை.

கிழிசலின் ஓரத்தில் பிசிறாக நிற்கிற இழைகளை வெட்டக் கூடாது. அவற்றைத் தண்ணீர் தொட்டுப் பழைய இடத்தில் படியவைத்துவிட்டு ஆரம்பிக்க வேண்டும். கிழிசல் முடிகிற இடத்தில் அல்ல, அதைத் தாண்டி நல்ல துணியில் அரை விரற்கடை தள்ளி ஊசியை இறக்கி, பாவு, அதாவது நீளவாக்கு இழை, ஓடுகிற திசையில் மேலும் கீழுமாக நெருக்கி ஓட்ட வேண்டும். ஒவ்வொரு திருப்பத்திலும் நூலை இறுக்கி இழுக்காமல் கடுகு அளவு வளையம் விட்டுவிட வேண்டும். இதை நான் இரண்டு தடவை மறந்தேன். அந்த இரண்டு இடத்திலும் துணி சுருங்கியது, பிரித்து மறுபடி ஓட்டினேன். பாவு முடிந்ததும் குறுக்கே ஊடை. ஒரு இழைக்கு மேல், ஒரு இழைக்குக் கீழ், அடுத்த வரிசையில் மாற்றி. உண்மையில் ஓட்டை விழுந்த இடத்தில் நாமே கொஞ்சம் துணி நெய்கிறோம், அவ்வளவுதான். ‘ட’வின் மூலையில் மட்டும் இரண்டு திசையும் ஒன்றன்மேல் ஒன்று ஏறும், அங்கே அவசரப்படாமல் ஓட்ட வேண்டும். எனக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆனது. அம்மா என்றால் அரை மணியில் முடித்திருப்பாள்.

நேரத்தைப் பார்த்தால் பசை ஒரு நிமிஷம், ஒட்டுத்துணி ஐந்து நிமிஷம். செலவு எதிலும் பெரிதில்லை. பார்வைக்கு ஒட்டுத்துணியும் முதல் நாள் ஊசிக்குச் சமமாகத்தான் இருக்கிறது. பிறகு ஏன் ஊசி என்றால், சரிசெய்த இடம் மறுபடி போகும். எப்படிச் சரிசெய்தாலும் போகும், ஏற்கனவே அடிபட்ட துணிதானே. அப்படிப் போகிற நாளில் கையில் என்ன மிஞ்சுகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். இழை விட்டால் அந்த இழையை மட்டும் உருவிவிட்டு வேறு ஓட்டலாம்; அடியில் துணி துணியாகவே இருக்கிறது. பசை விட்டால் அடுத்த வேலைக்கு அந்த இடமே கிடையாது. நெயில் பாலிஷ் அழிக்கிற அசிட்டோன் பசையைக் கரைக்கும் என்பது உண்மை, ஆனால் சாயத்தையும் சில செயற்கைத் துணிகளையும் சேர்த்தே கெடுக்கும்.

இதை எனக்குப் பெரிதாகக் காட்டியது 2023 டிசம்பர் வெள்ளம். 17, 18 தேதிகளில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பதிவானது. தாமிரபரணி ஏறி சிந்துபூந்துறை, ஜங்ஷன் பக்கமெல்லாம் வீட்டுக்குள் வந்தது. எங்கள் வீட்டில் இடுப்பளவு. தண்ணீர் வடிந்த பிறகு ஒவ்வொன்றாக எடுத்துக் காயவைத்தோம். தச்சுவேலை வெள்ளைப் பசையால் நான் ஒட்டிவைத்திருந்த முக்காலி கால் வேறு பலகை வேறாகக் கிடந்தது. பசை பால் மாதிரி வெளுத்துக் கொழகொழவென்று இருந்தது. பேண்டின் ஒட்டுத்துணி முழுசாகக் கழன்றுவிட்டது. ஆச்சி காலத்துப் போர்வை ஒன்று, ஆறேழு இடத்தில் இழையோட்டினது, சேற்றில் ஊறிக் கிடந்தது. நாலு தண்ணீரில் அலசிக் காயப்போட்டோம். ஒரு இழையோட்டும் விடவில்லை.

பசையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பீங்கான் கோப்பையின் கைப்பிடி உடைந்தால் அதற்குப் பசைதான், அங்கே ஊசிக்கு வேலையே இல்லை. செருப்பின் அடி விட்டால் ரப்பர்ப் பசை போட்டு, மேலே சுற்றித் தையலும் போட வேண்டும். பசை மட்டும் என்றால் மழைக்காலம் தாண்டாது. பிளாஸ்டிக் குடம், வாளி விரிசல் விட்டால் இந்த உடனொட்டும் பசை பிடிக்காது. அந்தப் பசையை அடைக்கிற குப்பியே பாலித்தீனில்தான் செய்கிறார்கள், அதில் ஒட்டாது என்பதால். குடத்துக்குப் பழுக்கக் காய்ச்சின கம்பியால் உருக்கி இணைக்கிறதே வழி.

பனியன் துணியில் நான் இழையோட்டினால் சுருக்கம் விழுகிறது. இழுபடுகிற துணிக்கு என் கை இன்னும் பழகவில்லை, அங்கே ஒட்டுத்துணி ஜெயிக்கிறது என்றே சொல்வேன். பட்டுச் சேலையில் கை வைத்ததே இல்லை. அதை ரஃபு வேலை, அதாவது கிழிசல் தெரியாமல் இழை கோக்கிற வேலை, தெரிந்தவரிடம் கொடுப்பதுதான் நல்லது.

இப்போது கையில் இருப்பது ஒரு பத்தமடைப் பாய். வெள்ளத்தில் தப்பியது, ஓரத்துத் துணி மட்டும் ஒரு முழ நீளத்துக்குப் பிரிந்திருக்கிறது. பக்கத்து வீட்டு மைனி பசை போட்டு அமுக்கிவிடச் சொன்னார்கள். சுருட்டி வைக்கிற பாய்க்கு ஓரம் விறைத்தால் சுருட்டுகிற இடத்தில் கோரைதான் ஒடியும். பழைய தையல் துளைகள் அப்படியே இருக்கின்றன. நூலை மெழுகில் இழுத்து, அந்தத் துளைகளிலேயே ஊசியை விட்டுப் பாதி தூரம் வந்துவிட்டேன். தேர் வேட்டியிலும் மூலையில் ஒரு இழை விட்டிருக்கிறது. பாய் முடிந்ததும் சிரட்டையை எடுக்க வேண்டும்.